பத்து நிமிடத்தில் மூடும் கூரை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மிச்சிகன் ஏரியின் மேற்குக் கரையில் அமைந்த மில்வாக்கி நகரம், பிரான்சின் மத்தியதரைக் கடற்கரையிலுள்ள மார்செய் நகரத்தோடு ஏறத்தாழ ஒரே அட்சரேகையில், அதாவது நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 43 பாகையில், இருக்கிறது. ஆண்டின் எந்த நாளை எடுத்துக்கொண்டாலும், இரு நகரங்களிலும் நண்பகல் சூரியன் ஏறும் உயரமும் பகற்பொழுதின் நீளமும் ஏறக்குறைய ஒன்றே. ஆயினும் மார்செய் இளவேனிலில் திளைக்கும் ஏப்ரல் மாதத்தில், மில்வாக்கியில் ஒரு நாள் மேற்சட்டையைக் கழற்றவைக்கும் வெயிலும், அடுத்த நாள் எலும்பைத் துளைக்கும் குளிர்மழையும், சில ஆண்டுகளில் அதற்கடுத்த நாளே பனிப்பொழிவும் வந்துபோகின்றன. பேஸ்பால் பருவம் தொடங்குவதும் சரியாக இந்தக் காலத்தில்தான். ஏறத்தாழ 190 கிலோமீட்டர் தள்ளியுள்ள கிரீன் பே நகரிலிருந்து குடும்பத்தோடு வரவிருக்கும் ஒரு ரசிகர், ஏப்ரல் ஆட்டத்துக்கான நுழைவுச்சீட்டைக் குளிர்காலத்திலேயே வாங்கிவிடுகிறார். அன்று வானம் எப்படியிருக்கும் என்பதை எந்த வானிலை அறிஞராலும் அப்போது சொல்ல முடியாது. அப்படியிருந்தும் அவர் துணிந்து பணத்தைச் செலவழிப்பதற்குக் காரணம், மில்வாக்கி ஆட்ட அரங்கத்தின் மேல் நகரும் கூரை ஒன்று இருப்பதே. வானிலையைக் கணிக்க முடியாமையை ஓர் எஃகுக் கூரை எவ்வாறு ஈடுசெய்கிறது என்பது பார்வைக்கு எளிய கேள்வியாகத் தோன்றினாலும், அதற்குரிய விடை வளிமண்டல இயற்பியலையும் பொறியியலையும் ஒருசேரத் தொடுகிறது.

பேஸ்பால் மழையைத் தாங்காத ஆட்டம். பந்தெறிபவரின் கைப்பிடி பந்தின் தையல்மீது விரல்கள் பதிவதைப் பொறுத்தது என்பதால், ஈரப்பந்து மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் எங்கு போகும் என்று எறிபவருக்கே தெரியாது. ஒன்பது சுற்றுகள் கொண்ட இந்த ஆட்டத்தில் குறைந்தது ஐந்து சுற்றுகளாவது, சொந்த மண்ணின் அணி முன்னிலையில் இருந்தால் நாலரைச் சுற்றுகளாவது, முடிந்திருந்தால்தான் இடையில் நின்றுபோன ஆட்டம் முழுமை பெற்றதாகக் கொள்ளப்படும் என்பது நெடுங்கால விதி. ஒவ்வோர் அணியும் ஆறு மாதங்களுக்குள் 162 ஆட்டங்களை ஆடி முடிக்க வேண்டியிருப்பதால், தள்ளிப்போகும் ஓர் ஆட்டத்துக்கு மாற்றுநாள் தேடுவது பெரும் தலைவலி.

மில்வாக்கியின் இளவேனில் ஏன் இவ்வளவு தடுமாறுகிறது என்பதற்கு நிலப்படமே பாதி விடையைத் தந்துவிடுகிறது. வட அமெரிக்காவின் பெரிய மலைத்தொடர்களான ராக்கியும் அப்பலாச்சியனும் ஏறத்தாழ வடக்குத் தெற்காகவே ஓடுகின்றன. நடு ஆசியாவின் குளிர்காற்றை இந்தியாவுக்குள் நுழையவிடாமல் இமயமலை கிழக்குமேற்காகக் குறுக்கே நிற்பதைப் போன்ற தடுப்பு அங்கே கிடையாது. ஆகவே பனி உருகாத வட கனடாவின் வறண்ட குளிர்காற்றும், அதற்குள் சூடேறிவிட்ட மெக்சிகோ வளைகுடாவின் ஈரமான வெப்பக்காற்றும் நடுச்சமவெளியில் தடையின்றிச் சந்திக்கின்றன. இவ்விரு காற்றுத்திரள்களும் எளிதில் கலப்பதில்லை. அவற்றுக்கிடையே உருவாகும் எல்லைப்பரப்பை வானிலையாளர்கள் முகப்பு என்பர். முகப்பு ஒரு நகரத்தைக் கடக்கும்போது சில மணி நேரத்துக்குள் பருவமே மாறிவிட்டதுபோல் வெப்பநிலை சரிகிறது. வடக்குக்கும் தெற்குக்கும் இடையிலான வெப்ப வேறுபாட்டால் உருவாகி, பூமிக்கு மேலே பத்துக் கிலோமீட்டர் உயரத்தையொட்டி மேற்கிலிருந்து கிழக்காக விரையும் ஜெட் காற்றோட்டமே இம்முகப்புகளையும் புயல்களையும் இழுத்துச் செல்கிறது. குளிர்காலத்தில் தெற்கே இறங்கியும் கோடையில் வடக்கே ஏறியும் ஓடும் அந்தக் காற்றாறு, ஏப்ரலில் பேரேரிகளின் தலைக்கு மேலேயே நெளிந்துகொண்டிருக்கிறது. அதன் நெளிவு சில நூறு கிலோமீட்டர் வடக்கே அமைந்தால் மில்வாக்கிக்கு வெயில், தெற்கே அமைந்தால் பனி.

மீதிப் பாதி விடை ஏரியில் இருக்கிறது. நீர் நிலத்தைவிட மிக மெதுவாகச் சூடேறும் என்பது பலரும் அறிந்தது; ஆனால் நன்னீர் ஏரிக்கு மற்றுமொரு தனிப்பண்பு உண்டு. நன்னீர் 4 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது. குளிர்காலத்தின் இறுதியில் அதைவிடக் குளிர்ந்து கிடக்கும் ஏரியின் மேற்பரப்பை ஏப்ரல் வெயில் சற்றே சூடாக்கியதும், அந்த நீர் 4 டிகிரியை நெருங்கி, கனத்து, கீழே அமிழ்ந்துவிட, அடியிலிருந்து குளிர்நீர் மேலே வருகிறது. ஏரி முழுவதும் 4 டிகிரியை எட்டும்வரை மேற்பரப்பில் வெப்பம் தங்க வழியில்லை. மிச்சிகன் ஏரியின் சராசரி ஆழம் 85 மீட்டர் என்பதால், அவ்வளவு நீரும் அந்நிலைக்கு வர இளவேனிலின் பெரும்பகுதி கழிந்துவிடுகிறது. இதனிடையே நிலம் பகலில் 20 டிகிரிக்கு மேல் சூடாகி, அதன்மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்ப ஏரியிலிருந்து குளிர்காற்று உள்ளே புகுகிறது. சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று நுழையும் அதே இயக்கம்தான் இது. வேறுபாடு என்னவென்றால், வங்காள விரிகுடா ஒருபோதும் 4 டிகிரியில் இருப்பதில்லை. நண்பகலில் இதமாகத் தொடங்கிய ஆட்டம், ஏரிக்காற்று திரும்பிய சிறிது நேரத்துக்குள் பத்து டிகிரி வரை குளிர்ந்து, பார்வையாளர்கள் போர்வை தேடும் நிலைக்கு வந்துவிடக்கூடும். அந்தக் காற்றுமுகப்பு அரங்கத்தை எட்டுமா, அல்லது ஏரிக்கரையிலேயே நின்றுவிடுமா என்பது பொதுக்காற்றின் சிறு வேகமாற்றத்தைப் பொறுத்தது. மில்வாக்கி வானிலை அறிவிப்புகளில் ஏரியருகே குளிர் கூடுதல் என்ற வாசகம் சலிக்காமல் வந்துகொண்டிருப்பது இதனால்தான்.

காரணங்கள் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருந்தும் முன்கூட்டிச் சொல்ல முடியாதது ஏன் என்ற வினாவுக்கு, மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய எட்வர்டு லோரன்ஸ் 1961இல் கண்ட ஒரு முரண்பாடு விடையளித்தது. அவர் ஒரு எளிய வானிலை மாதிரியைக் கணினியில் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே செய்த கணக்கீடு ஒன்றை நடுவிலிருந்து மீண்டும் தொடங்க எண்ணி, அச்சிட்ட தாளிலிருந்த எண்ணை உள்ளிட்டார். கணினியின் நினைவகத்தில் 0.506127 என்றிருந்த மதிப்பு, தாளில் 0.506 என்று சுருங்கியிருந்தது. ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அந்த வேறுபாடு முதலில் கண்ணுக்கே படாமல் இருந்து, பிறகு இரட்டித்து இரட்டித்து வளர்ந்து, இறுதியில் இரு கணக்கீடுகளுக்கும் எந்த ஒற்றுமையும் இல்லாமல் செய்துவிட்டது. 1963இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை பிற்காலத்தில் ஒழுங்கின்மைக் கோட்பாடு எனப் பெயர்பெற்ற துறைக்கு அடித்தளமாயிற்று. வளிமண்டலத்தை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் ஏதேனும் ஒரு தசமத்தானத்தில் அளவீடு நின்றே ஆக வேண்டும். விட்டுப்போன அந்த மிச்சம் வளர்ந்து முன்கணிப்பை விழுங்க ஏறத்தாழ இரண்டு வாரங்கள் போதும் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு.

இந்த எல்லை வெறும் கோட்பாட்டு ஊகமன்று. இங்கிலாந்தின் ரீடிங் நகரில் தலைமையகம் கொண்ட ஐரோப்பிய நடுத்தர வீச்சு முன்கணிப்பு மையம் 1992 முதல் தொகுப்பு முன்கணிப்பு என்ற முறையைக் கையாண்டுவருகிறது. ஒரே நாளின் வானிலையைத் தொடக்க மதிப்புகளில் சிறுசிறு மாற்றங்கள் செய்து ஐம்பது முறை ஓட்டிப் பார்த்து, விளைவுகள் எவ்வளவு விலகுகின்றன என்று காண்பதே அம்முறை. ஐம்பதும் ஒரே விடையைச் சொன்னால் கணிப்பாளர் உறுதியாகப் பேசலாம்; இருபது பனி என்றும் முப்பது வெயில் என்றும் பிரிந்துநின்றால், வானமே இன்னும் முடிவெடுக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். பழைய முன்கணிப்புகள் யாவும் சேமிக்கப்பட்டு, உண்மையில் நடந்தவற்றோடு நாள்தோறும் ஒப்பிடப்படுவதால், எத்தனை நாள் தொலைவுவரை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதற்குப் பல பத்தாண்டுப் பதிவு இருக்கிறது. அப்பதிவின்படி, பத்தாண்டுக்கு ஒரு நாள் என்ற அளவில் முன்கணிப்பின் வீச்சு நீண்டுவந்திருக்கிறது. பெருமைப்படத்தக்க முன்னேற்றம்தான், ஆனால் சனவரியில் சீட்டு வாங்கும் ரசிகருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

மொட்டைமாடியில் வடகம் காயப்போடுபவர் அடுத்த பத்து நாள் வானிலையை அறிந்துகொண்டு பிழிவதில்லை. மேகம் கறுத்தால் ஓடிப்போய் வாரிக்கொள்ள எவ்வளவு நேரம் பிடிக்கும் என்பதே அவருக்குத் தெரிய வேண்டியது. வாரும் நேரம் ஐந்து நிமிடமானால் ஐந்து நிமிட முன்னறிவிப்பே போதும். நகரும் கூரையின் இரகசியமும் இதுவே. அது வானிலையைக் கணிக்கத்தக்கதாக மாற்றுவதில்லை. கணிப்புத் தேவைப்படும் கால அளவை மாதங்களிலிருந்து நிமிடங்களுக்குச் சுருக்கிவிடுகிறது. அறிவியல் தோற்றுப்போகும் தொலைவில் எடுக்க வேண்டியிருந்த முடிவு, அறிவியல் மிக வலுவாக நிற்கும் அண்மைக்கு நகர்த்தப்படுகிறது. அமெரிக்கா முழுவதும் பரவியுள்ள ஏறத்தாழ 160 டாப்ளர் ராடார்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வானத்தைத் துழாவி, மழைத்துளிகளில் பட்டுத் திரும்பும் அலைகளைக் கொண்டு மழை எங்கே இருக்கிறது, எந்தத் திசையில் நகர்கிறது என்பதைக் காட்டுகின்றன. ஐம்பது கிலோமீட்டர் தொலைவில் தெரியும் மழைத்திரள் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தாலும் அரங்கத்தை எட்ட ஒரு மணி நேரமாகும். மில்வாக்கிக் கூரை மூடிக்கொள்ளப் பத்து நிமிடம்கூட ஆவதில்லை.

2001இல் மில்லர் பார்க் என்ற பெயரோடு திறக்கப்பட்டு, 2021 முதல் அமெரிக்கன் ஃபேமிலி ஃபீல்டு என வழங்கப்படும் அந்த அரங்கத்தின் கூரை விசிறி வடிவினது. ஏழு பலகங்களில் இரண்டு நிலையாக நிற்க, ஐந்து நகர்கின்றன. பந்தடிப்பவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால், உயரத்தில் விசிறியின் முளைபோல் ஓர் அச்சு அமைந்திருக்கிறது. பலகங்களின் மறுமுனைகள் மைதானத்தின் எல்லையையொட்டி வளைந்து செல்லும் தண்டவாளத்தின்மீது உருள்கின்றன. ஏறத்தாழ 12,000 டன் எடையுள்ள ஒரு கட்டமைப்பை நகர்த்தப் பேராற்றல் வேண்டும் என்றே எவருக்கும் தோன்றும். உண்மையில் எடை இங்கே முதன்மைச் சிக்கல் அன்று. எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின்மீது உருளும்போது எழும் உருள் உராய்வு, தூக்கும் எடையில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு மட்டுமே. சரக்கு ரயில்கள் ஓடுவதும் அதனால்தான். பத்தாயிரம் டன்னை மெல்ல உருட்டப் பத்து, இருபது டன் எடைக்கு நிகரான விசை போதும். அதைப் பல சிறு மின்மோட்டார்கள் பகிர்ந்துகொள்கின்றன.

பொறியாளர்களின் உறக்கத்தைக் கெடுப்பவை காற்றும் வெப்பமும். காற்றின் வேகம் இரட்டித்தால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறத்தாழ 45 கிலோகிராம் எடைக்கு நிகராக அழுத்தவோ உறிஞ்சித் தூக்கவோ வல்லது. சியாட்டில் நகர அரங்கத்து நகரும் கூரையின் பரப்பான 36,000 சதுர மீட்டர் முழுவதும் அவ்விசை ஒருசேரச் செயல்பட்டால் அது 1,600 டன்னைத் தாண்டும். கூரை அவ்வளவு கனமாக இருப்பது ஒரு வகையில் பாதுகாப்பே என்பது இதிலிருந்து விளங்கும். வெப்பத்தின் விளையாட்டு இன்னும் நுட்பமானது. 200 மீட்டர் நீளமுள்ள எஃகுச் சட்டகம், குளிர்கால இரவுக்கும் கோடைப் பகலுக்கும் இடைப்பட்ட 60 டிகிரி வேறுபாட்டில் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் நீண்டு சுருங்குகிறது. தண்டவாளமோ கீழே கான்கிரீட்டில் பதிந்து, வேறொரு வீதத்தில் நீள்கிறது. இந்த இணக்கமின்மையைத் தாங்க, சக்கரத்தொகுதிகளுக்குப் பக்கவாட்டில் சிறிது அசைய இடம் விட வேண்டும். மில்வாக்கிக் கூரை தொடக்க ஆண்டுகளில் நகரும்போதெல்லாம் எழுப்பிய பேரோசையும், 2006 பருவம் முடிந்தபின் அச்சுப்பகுதியின் சக்கரத்தொகுதிகளையே மாற்ற நேர்ந்ததும், தாளில் வரைந்த விசிறியும் எஃகில் செய்த விசிறியும் ஒன்றல்ல என்பதைக் காட்டின.

நகரும் கூரையே நகர்வதற்கு வானிலையை நம்பியிருந்தால் என்னாகும் என்பதற்குக் கனடாவின் மான்ட்ரியல் நகரம் சான்று. 1976 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய அரங்கத்துக்கு, சாய்ந்த கோபுரத்திலிருந்து கம்பிவடங்களால் தூக்கி இறக்கும் கெவ்லார் துணிக்கூரை 1987இல்தான் பொருத்தப்பட்டது. காற்று மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டினால் அதை அசைக்கவே முடியாது. எனவே மழை வருமா என்று கேட்பதற்கு முன் காற்று எழுமா என்று கேட்க வேண்டியதாயிற்று. எடை குறைந்த துணி உகந்தது என்ற எண்ணமே அதன் வினையாக முடிந்தது; பலமுறை கிழிந்த பின், நிலையான கூரை ஒன்று 1998இல் அதனிடத்தைப் பிடித்தது. அடுத்த சனவரியில் பனியின் பாரத்தால் அதிலும் ஒரு பகுதி சரிந்தது. இதற்கு மாறாக, டொராண்டோவில் 1989இல் திறக்கப்பட்ட ஸ்கைடோம், ஒரு பலகம் நிலைத்திருக்க, இரண்டு சறுக்கி, ஒன்று அரைவட்டமாகச் சுழலும் கனத்த எஃகுக் கூரையால் இத்தொழில்நுட்பத்தை நம்பத்தக்கதாக்கியது. ஆயினும் அதன் திறப்பு விழாவன்று, கூடியிருந்தவர்களுக்குக் கூரையின் திறனைக் காட்டியே தீருவது என்று மழைக்கு நடுவே அதைத் திறந்து, விருந்தினரை நனையவைத்த பெருமை அமைப்பாளர்களைச் சேரும்.

நிரந்தரமாகவே மூடிவிட்டால் இத்தனை சக்கரமும் தண்டவாளமும் எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965இல் திறந்த ஆஸ்ட்ரோடோம் அந்த வழியைத்தான் முதலில் தேர்ந்தது. புல் வளர ஒளி வேண்டுமென்று கூரையில் ஆயிரக்கணக்கான ஒளிபுகு தகடுகள் பதித்தார்கள். அவற்றின் கண்கூச்சத்தில் உயரே எழும் பந்தைக் களத்தடுப்பாளர்களால் காண முடியவில்லை. தகடுகளுக்கு வண்ணம் பூசினார்கள், பந்து தெரிந்தது, புல் செத்தது. அடுத்த ஆண்டு செயற்கைப்புல் விரிக்கப்பட்டு, அரங்கத்தின் பெயராலேயே ஆஸ்ட்ரோடர்ஃப் என்றழைக்கப்பட்டது. உயிருள்ள புல்லையும் நனையாத ரசிகரையும் ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டுமானால் கூரை அசைந்தே ஆக வேண்டும்.

கூரை உள்ள நகரத்துக்கும் இல்லாத நகரத்துக்கும் இடையிலான வேறுபாட்டை 2007 ஏப்ரல் அப்பட்டமாகக் காட்டியது. ஆர்க்டிக் குளிர்காற்று தெற்கே வெகுதூரம் இறங்கிய அந்த வாரத்தில், ஈரி ஏரிக்கரையிலுள்ள கிளீவ்லாந்து அணி சியாட்டில் அணியோடு தன் முதல் சொந்தமண் ஆட்டத்தைத் தொடங்கியது. கிளீவ்லாந்தின் பந்தெறிபவர் பால் பேர்டு எதிரணிக்கு ஓர் அடியைக்கூட விட்டுக்கொடுக்காமல், 4-0 என்ற முன்னிலையில், ஐந்தாம் சுற்றின் முதற்பாதியில் இருவரை வெளியேற்றிவிட்டார். இன்னும் ஒருவர் வெளியேறினால் ஆட்டம் விதிப்படி முழுமை பெறும். அந்த நேரத்தில் பனி அடர்த்தியாகக் கொட்ட, தன் ஆட்டக்காரர்களுக்குப் பந்து தெரியவில்லை என்று சியாட்டில் மேலாளர் மைக் ஹார்குரோவ் களத்துக்குள் வந்து முறையிட்டார். நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தினர். அது நடக்காத ஆட்டமாகவே கழிந்தது. அத்தொடரின் எஞ்சிய ஆட்டங்களும் பனியில் புதைந்தன. அடுத்து வந்த ஏஞ்சல்ஸ் அணியோடு மோத, கிளீவ்லாந்து தன் சொந்தமண் ஆட்டங்களை மில்வாக்கிக்கே எடுத்துச் சென்றது. சீட்டு விலை பத்து டாலர். தங்களுக்கு எந்த உறவும் இல்லாத இரு அணிகளின் ஆட்டத்தைக் காண, முதல் நாள் 19,031 பேர் கூடினார்கள். அந்த வாரக் குளிர் மில்வாக்கியையும் விட்டுவைக்கவில்லை. அங்கு மாறியிருந்தது தலைக்கு மேலிருந்த எஃகும், மூடிய கூரைக்குள் வெளியைவிட ஏறத்தாழ 17 செல்சியஸ் டிகிரி கூடுதல் வெப்பத்தைத் தரவல்ல சூடேற்றிகளும்தான்.

இன்று அமெரிக்க, கனேடிய முதல்நிலைப் பேஸ்பாலின் முப்பது அணிகளுள் ஏழு அணிகளின் அரங்கங்களில் நகரும் கூரை இருக்கிறது. ஆனால் எல்லாக் கூரைகளும் ஒரே வேலையைச் செய்வதில்லை. அரிசோனாவின் பீனிக்ஸிலும் டெக்சாஸின் ஆர்லிங்டனிலும் பகைவன் கோடை வெப்பம். சூலை மாதத்தில் பீனிக்ஸ் கொதிக்கும் என்று சொல்லக் கணினி தேவையில்லை. ஆகவே அங்கே கூரை கோடை முழுவதும் பெரும்பாலும் மூடியே கிடக்கிறது. சியாட்டிலின் கூரை பக்கங்கள் திறந்த குடை மட்டுமே. பசிபிக் கடலின் மிதமான காற்றில் மழைதான் தொல்லையே தவிரக் கடுங்குளிர் அன்று என்பதால், சுவரெழுப்பி அடைக்கவும் சூடேற்றவும் தேவையில்லாமல் போயிற்று. கணிப்பு எந்த அளவுக்குத் தடுமாறுகிறதோ அந்த அளவுக்கே கூரையின் அசைவுக்கு மதிப்பு என்ற கணக்கில் பார்த்தால், மில்வாக்கியும் டொராண்டோவும்தான் அந்தச் சக்கரங்களின் முழுப்பயனை அடைபவை.

இந்தப் பயனுக்கு விலையும் உண்டு. மில்வாக்கி அரங்கத்துக்காக ஐந்து மாவட்டங்களின் மக்கள் 2020வரை விற்பனை வரியில் நூறு டாலருக்குப் பத்து சென்ட் கூடுதலாகக் கட்டினர். அவ்வரிக்கான மசோதாவில் கடைசி நேரத்தில் தன் வாக்கை மாற்றிய மாநில மேலவை உறுப்பினர் ஜார்ஜ் பீட்டக், 1996இல் வாக்காளர்களால் திரும்ப அழைக்கப்பட்டுப் பதவியிழந்தார். மினியாபோலிஸ் நகரம் 2010இல் கூரையில்லாத அரங்கத்தையே திறந்தது. 2018 ஏப்ரல் நடுவில் வீசிய பனிப்புயலில் அங்கு ஆட்டங்கள் அடுத்தடுத்துத் தள்ளிவைக்கப்பட்டன. அதே வாரம் டொராண்டோவில் கூரை மூடியிருந்தும் ஆட்டம் நடக்கவில்லை. அருகிலுள்ள சிஎன் கோபுரத்தில் உறைந்திருந்த பனிக்கட்டி பெயர்ந்து விழுந்து, கூரையிலேயே ஓட்டை போட்டுவிட்டது. அத்தகைய விபத்தை எந்த ராடாரும் காட்டாது.

அப்படியானால் ஏப்ரல் ஆட்டங்கள் அனைத்தையும் கூரையுள்ள நகரங்களிலும் தெற்கு நகரங்களிலும் வைத்துவிட்டால் என்ன என்ற யோசனை ஒவ்வொரு பனி ஏப்ரலிலும் எழுகிறது. அந்நகரங்களின் அணிகள் இதை விரும்புவதில்லை. பள்ளிகள் நடக்கும் ஏப்ரலின் வாரநாள் மாலைகளைவிட, விடுமுறையில் குழந்தைகளோடு குடும்பங்கள் வரும் சூன், சூலை மாதங்களிலேயே இருக்கைகள் நிறைகின்றன. செலவழித்துக் கூரை போட்டவர்கள் கூரை போடாதவர்களின் குளிரைத் தாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். கால அட்டவணை முந்தைய ஆண்டே வகுக்கப்பட்டுவிடுவதால், எந்த ஏப்ரல் கெட்ட ஏப்ரலாக அமையும் என்பதைப் பார்த்து அதைத் திருத்தவும் வழியில்லை.